முதலிடம் பிடித்தவருக்குக் கோப்பை இல்லை

உலகின் பெரும்பாலான கால்பந்து லீகுகளில் கணக்கு எளிது. சீசன் முழுக்க ஆடு, புள்ளிப் பட்டியலில் மேலே நில், கோப்பையைத் தூக்கு. இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் இதுதான் நடைமுறை. அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கரில், சுருக்கமாக எம்.எல்.எஸ்.ஸில், பட்டியலில் முதலிடம் பிடித்தால் ஒரு கேடயம் கிடைக்கும். சப்போர்ட்டர்ஸ் ஷீல்டு என்று பெயர். அந்தக் கேடயத்தைக்கூட லீக் தானாக முன்வந்து செய்யவில்லை. வருஷம் முழுக்க நன்றாக ஆடியவனுக்கு ஒன்றுமே இல்லையா என்று பொறுக்காத ரசிகர்கள், 1990களின் கடைசியில் காசு திரட்டிச் செய்வித்தது. சாம்பியன் பட்டத்துக்கு வழி வேறு. லீக் சுற்று முடிந்ததும் பிளேஆஃப் என்ற நாக் அவுட் தொடர் தொடங்கும். அதன் கடைசி ஆட்டத்தில் ஜெயிப்பவரே அந்த ஆண்டின் சாம்பியன்.

1996 முதல் 2025 வரை 30 சீசன்கள் நடந்திருக்கின்றன. பட்டியலில் முதலிடம் பிடித்த அணியே கோப்பையையும் வென்றது 8 முறைதான். ஐரோப்பிய ரசிகர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஐ.பி.எல். பார்க்கும் நமக்குச் சிரிப்பு வராது, பழகிவிட்டது. ஆனால் ஐ.பி.எல். பிளேஆஃபின் விதி 2011இலிருந்து பெரிதாக மாறவில்லை. எம்.எல்.எஸ். பிளேஆஃபோ, வீட்டுக்காரர் மாறும்போதெல்லாம் சுவரை இடித்துக் கட்டிய பழைய வீடு போன்றது. எத்தனை அணிகள், எத்தனை ஆட்டங்கள், சமனானால் என்ன செய்வது, இறுதிப் போட்டி எந்த ஊரில் என்று எல்லாமே மாறிக்கொண்டே வந்தன. 30 வயதில் இது மறுபடியும் மாறப்போகிறது.

கதை தொடங்குவது ஒரு சாவில். பெலேயும் பெக்கன்பவரும் நியூயார்க் காஸ்மோஸுக்கு ஆடிய வட அமெரிக்க சாக்கர் லீக் 1984 சீசனோடு கடையைக் கட்டியது. 1988இல் ஃபிஃபா 1994 உலகக் கோப்பையை அமெரிக்காவுக்குக் கொடுத்தபோது, நாட்டில் முதல்தரத் தொழில்முறை லீக் ஒன்றைத் தொடங்கியாக வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. உலகக் கோப்பை வந்தது, மைதானங்கள் நிரம்பி வழிந்தன, லீக் மட்டும் வரவில்லை. கடைசியில் 1996 ஏப்ரல் 6 அன்று சான் ஹோசேயில் முதல் ஆட்டம் நடந்தது. 88வது நிமிடத்தில் எரிக் வைனால்டா அடித்த கோலில் சான் ஹோசே கிளாஷ் 1-0 என்று டி.சி. யுனைடெட்டை வென்றது. அந்தக் கோல் விழுந்திருக்காவிட்டால் புதிய லீகின் முதல் ஆட்டமே 0-0 ஆகியிருக்கும். கால்பந்தைச் சலிப்பான ஆட்டம் என்று கேலி பேசிக்கொண்டிருந்த நாட்டில் அதைவிட மோசமான தொடக்கம் இருந்திருக்க முடியாது.

பிளேஆஃப் இல்லாமல் லீக் நடத்துவது அமெரிக்காவில் யாருக்கும் எளிதில் தோன்றக்கூடிய யோசனை அல்ல. பேஸ்பால், கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி, அவர்களுடைய ஃபுட்பால் என்று நான்கு பெரிய ஆட்டங்களிலும் சாம்பியனைத் தீர்மானிப்பது பிளேஆஃப்தான். நாடு பெரியது. கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் பறக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். அதனால் அணிகளைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்து, தங்கள் பகுதிக்குள் அதிகம் ஆடவிட்டு, கடைசியில் இரு பகுதியின் வெற்றியாளர்களை மோதவிடுவது அங்கே பழைய பழக்கம். இன்னொரு காரணம் பணம். எம்.எல்.எஸ்.ஸில் தரமிறக்கம் கிடையாது. கடைசி இடத்தில் முடித்தாலும் அடுத்த ஆண்டும் அதே லீக்தான். ஐரோப்பாவில் பட்டியலின் அடிமட்டத்தில் இருக்கும் அணிக்கு உயிர் பயம் இருக்கும். இங்கே அந்தப் பயம் இல்லை. அப்படியானால் ஆகஸ்ட் மாதத்தில் எட்டாம் இடத்தில் இருக்கும் அணியின் ஆட்டத்துக்கு ஏன் டிக்கெட் வாங்க வேண்டும்? பிளேஆஃபுக்குள் நுழைய இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் ரசிகனுக்கு லீக் தரும் பதில். பயத்தின் இடத்தில் ஆசையை வைத்தார்கள்.

அந்த ஆசையை முதல் ஆண்டே தாராளமாக விற்றார்கள். மொத்தம் 10 அணிகள், பிளேஆஃபுக்கு 8. வெளியே போக வேண்டுமென்றால் உண்மையிலேயே மோசமாக ஆடியிருக்க வேண்டும்.

முதல் இரண்டு சுற்றுகளும் மூன்றில் இரண்டு வென்றால் போதும் என்ற தொடர்கள். சமன் என்ற முடிவே கிடையாது. 90 நிமிடத்தில் சமனானால் ஷூட்அவுட். நமக்குத் தெரிந்த பெனால்டி ஷூட்அவுட் அல்ல. பழைய லீகிலிருந்து எடுத்து வந்த வினோதம் அது. ஆட்டக்காரர் கோலிலிருந்து 35 கெஜத் தூரத்தில் பந்தோடு நிற்பார். விசில் ஊதியதும் ஓடி வந்து 5 விநாடிக்குள் அடிக்க வேண்டும். கோல்கீப்பர் கோட்டில் நிற்கத் தேவையில்லை, முன்னால் பாய்ந்து வந்து மறிக்கலாம். ஸ்கோர்போர்டில் கடிகாரம் 45லிருந்து கீழ்நோக்கி ஓடும், கூடைப்பந்தைப் போல. பழமைவாதிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்த ஷூட்அவுட் பிடிக்கும். பெனால்டியில் இல்லாத பந்தாட்டம் கொஞ்சமாவது அதில் இருந்தது. 1999இல் டக் லோகனுக்குப் பதிலாக ஆணையராக வந்த டான் கார்பர் ஷூட்அவுட்டையும் கீழ்நோக்கி ஓடிய கடிகாரத்தையும் அந்த சீசனோடு வழியனுப்பிவைத்தார்.

முதல் இறுதிப் போட்டி 1996 அக்டோபர் 20, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபாக்ஸ்பரோ மைதானம். டி.சி. யுனைடெட்டும் லாஸ் ஏஞ்சலீஸ் கேலக்ஸியும் மோதின. இரண்டுமே உள்ளூர் அணி இல்லை. ஊரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது மழை. காற்றோ குடையைத் திருப்பிப் போடுகிற ரகம். மைதானத்தில் தண்ணீர் தேங்கி, உருட்டிவிட்ட பந்து பாதி வழியில் நின்றது. இத்தனைக்கும் நடுவே 34,643 பேர் வந்து உட்கார்ந்தார்கள். அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்கு ஆள் இல்லை என்று சொன்னவர்களுக்கு அந்த எண்ணிக்கையே பதில்.

கேலக்ஸி 2-0 என்று முன்னிலை பெற்றது. மீதி இருந்தது ஏறக்குறைய 20 நிமிடம். டி.சி. அணியில் மார்கோ எட்செவெரி என்ற பொலிவியக்காரர் இருந்தார். நீண்ட முடி, அவசரமில்லாத நடை, இடது கால் மட்டும் அளந்து வைத்ததுபோல் பந்தை அனுப்பும். தரையில் பந்து உருளாத நாளில் காற்றில் பந்து அனுப்பத் தெரிந்தவனுக்குத்தானே மவுசு? அவர் அடித்த ஃப்ரீகிக்கை டோனி சான்னே தலையால் முட்டி 2-1 ஆக்கினார். மாற்று ஆட்டக்காரராக வந்த ஷான் மெட்வெட் 82வது நிமிடத்தில் சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் 4வது நிமிடம், எட்செவெரியின் கார்னர், எடி போப்பின் தலை, கோல். இறுதியில் மட்டும் ஷூட்அவுட்டுக்கு முன் கூடுதல் நேரம் உண்டு; அன்றைய விதிப்படி அதில் முதலில் கோல் போட்டவரே வெற்றியாளர், தங்க கோல் என்பார்கள். ஆட்டம் அந்த நொடியிலேயே முடிந்துவிட்டது. சேற்றில் சறுக்கிக்கொண்டு கொண்டாடிய அந்த அணியின் பயிற்சியாளர் புரூஸ் அரீனா, பிறகு அமெரிக்கத் தேசிய அணியையும், வேறு அணிகளின் பல இறுதிப் போட்டிகளையும் பார்த்தார். அந்த முதல் மாலையின் மழையைப் போல ஒன்று பிறகு வாய்க்கவில்லை.

அடுத்த சில ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1998இல் சிகாகோ ஃபயர் பிறந்த ஆண்டிலேயே கோப்பை வென்றது. 2000இல் மூன்று ஆட்டத் தொடருக்குப் புள்ளி முறை வந்தது. வெற்றிக்கு 3, சமனுக்கு 1, யார் முதலில் 5 புள்ளி எடுக்கிறாரோ அவர் அடுத்த சுற்றுக்கு. இதை மைதானத்துக்கு வந்தவருக்கு விளக்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். 2001இல் செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு மீதி லீக் ஆட்டங்களைக் கைவிட்டு நேரே பிளேஆஃபுக்குப் போனார்கள். 2002 தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் இரண்டு அணிகளும் மூடப்பட்டு லீக் மறுபடி 10 அணிகளுக்குச் சுருங்கியது. அந்தப் பத்தில் ஆறை நடத்தியவர் ஒரே முதலாளி, கொலராடோவின் கோடீஸ்வரர் பிலிப் ஆன்ஷுட்ஸ். இன்று சாம்பியன் கையில் தரும் கோப்பைக்கு அவர் பெயர் இருப்பது முகஸ்துதி அல்ல. அவர் சீட்டைக் கீழே போட்டிருந்தால் கோப்பையே இருந்திருக்காது.

2003இல் மூன்று ஆட்டத் தொடர் போய், உலகம் அறிந்த இரண்டு கட்ட முறை வந்தது. ஊருக்கு ஒரு ஆட்டம், இரண்டிலும் சேர்த்து யார் கோல் அதிகமோ அவருக்கு வெற்றி. வந்த முதல் ஆண்டே இந்த முறை தன் கைவரிசையைக் காட்டியது. சான் ஹோசே எர்த்குவேக்ஸ் முதல் ஆட்டத்தில் கேலக்ஸியிடம் 0-2 தோற்றிருந்தது. நவம்பர் 9, சொந்த ஊரில் இரண்டாவது ஆட்டம். 13 நிமிடத்துக்குள் கேலக்ஸி இன்னும் இரண்டு கோல். மொத்தம் 0-4. மைதானத்தை விட்டு யாராவது அப்போதே எழுந்து போயிருந்தால் தப்பு சொல்ல முடியாது. பிறகு ஜெஃப் ஏகூஸ் ஃப்ரீகிக்கில் ஒன்று, லாண்டன் டானவன் ஒன்று, இடைவேளைக்குப் பின் ஜமில் வாக்கர் ஒன்று. 90வது நிமிடத்தில் கிறிஸ் ரோனர் தலையால் நான்காவது. கணக்கு சமன். கூடுதல் நேரத்தில் ரோட்ரிகோ ஃபரியா அடித்த தங்க கோலில் சான் ஹோசே 5-4 என்று முன்னேறி, அந்த ஆண்டின் கோப்பையையும் எடுத்தது. இரண்டே ஆண்டில், 2005 சீசனுக்குப் பிறகு, அந்த அணியின் ஆட்டக்காரர்களும் பயிற்சியாளரும் மொத்தமாக டெக்சாஸின் ஹூஸ்டனுக்கு இடம்பெயர்ந்தார்கள். அமெரிக்காவில் அணி ஊர் மாறுவது முதலாளியின் உரிமை. சான் ஹோசே ரசிகர் என்ன கத்தினாலும் ஒன்றும் ஆகாது.

போன ஊரில் அவர்கள் தொடர்ந்து இரண்டு கோப்பை வென்றார்கள், இரண்டும் நியூ இங்கிலாந்து ரெவல்யூஷனைத் தோற்கடித்து. இந்த நியூ இங்கிலாந்தைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் பாவம். 2002, 2005, 2006, 2007, 2014. ஐந்து இறுதிப் போட்டிகள், ஐந்திலும் தோல்வி. இவற்றில் 2007 தவிர மற்ற நான்கும் 90 நிமிடத்தில் முடியாமல் நீண்டவை. 2006இல் நடந்தது கொடுமையிலும் கொடுமை. கூடுதல் நேரத்தின் 113வது நிமிடத்தில் டெய்லர் ட்வெல்மன் கோல் போட்டு அணியைக் கோப்பையின் விளிம்பில் நிறுத்தினார். கொண்டாடிவிட்டுத் திரும்பி நின்றவுடன், அடுத்த நிமிடமே ஹூஸ்டனின் பிரையன் சிங் தலையால் முட்டிச் சமன் செய்தார். பிறகு பெனால்டியில் தோல்வி. அந்த அணி 2021இல் லீக் சுற்றில் 73 புள்ளிகள் எடுத்து அன்றைய சாதனையைப் படைத்துக் கேடயத்தை வாங்கியது. பிளேஆஃபில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே பெனால்டியில் வெளியேறியது.

2007இலிருந்து பூகோளமும் குழம்பியது. கிழக்கிலும் மேற்கிலும் முதல் சில அணிகள் நேரடியாக உள்ளே. மீதி இடங்கள் எந்தப் பகுதியானாலும் புள்ளி அடிப்படையில். ஒரு பகுதியில் இடம் காலியானால் அடுத்த பகுதிக்காரர் வந்து நிரப்புவார். இதன் விளைவாக 2008இல் அட்லாண்டிக் கரையோரத்து நியூயார்க் ரெட் புல்ஸ், மேற்குப் பகுதிச் சாம்பியன் என்ற பட்டத்தோடு இறுதிக்கு வந்தது. அடுத்த இரண்டு ஆண்டும் எதிர்த்திசை: உட்டா மாநிலத்து ரியல் சால்ட் லேக்கும், டென்வர் பக்கத்து கொலராடோ ராபிட்ஸும் கிழக்குப் பகுதிச் சாம்பியன்கள். பள்ளிக்கூட வரைபடம் பார்த்தவர் யாரும் இந்த விதியை எழுதியிருக்க முடியாது.

அதில் ரியல் சால்ட் லேக்கின் 2009 கதை தனி. 30 ஆட்டங்களில் 11 வெற்றி, 12 தோல்வி, 7 சமன். வென்றதைவிடத் தோற்றது அதிகம். கடைசி இடத்தைப் பிடித்து உள்ளே நுழைந்தவர்கள், சியாட்டிலில் நடந்த இறுதியில் டேவிட் பெக்கமும் லாண்டன் டானவனும் ஆடிய கேலக்ஸியைப் பெனால்டியில் வீழ்த்தினார்கள். டானவன் அடித்த பெனால்டி கம்பத்துக்கு மேலே பறந்தது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை. பிளேஆஃப் நியாயத்துக்காக வந்ததும் அல்ல.

இதே அச்சில் வார்த்த இந்தியன் சூப்பர் லீகில் நம் சென்னையின் எஃப்.சி.யும் இந்தப் பலனை அனுபவித்திருக்கிறது. 2015இல் சீசனின் நடுவே பட்டியலின் அடியில் கிடந்த அணி, கடைசி லீக் ஆட்டங்களை வரிசையாக வென்று உள்ளே வந்தது. அந்த டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதால் சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியை புனேவில் ஆடியது. கோவாவில் நடந்த இறுதியில், 1-2 என்று பின்தங்கிக் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல்களால் கோப்பையைக் கொண்டுவந்தது. 2018இல் லீக் சுற்றில் முதலிடம் பிடித்த பெங்களூரு எஃப்.சி.யை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று தோற்கடித்தது. அன்று பெங்களூருக்காரர்கள் எவ்வளவு நொந்திருப்பார்கள் என்று நாம் யோசிக்கவே இல்லை.

2012இல் நடந்த மாற்றம்தான் இந்தத் தொடரின் முகத்தையே மாற்றியது என்பேன். அதுவரை இறுதிப் போட்டிக்கு ஊரை முன்கூட்டியே முடிவு செய்வார்கள், முதல் ஆண்டு ஃபாக்ஸ்பரோவைப் போல. வந்து ஆடும் இரு அணிகளின் ரசிகர்களும் கடைசி வாரத்தில் விமான டிக்கெட்டுக்கு அலைய வேண்டும். 2012 முதல், லீக் சுற்றில் அதிகப் புள்ளி எடுத்த அணியின் மைதானத்தில் இறுதி. லீகில் நன்றாக ஆடியதற்கு முதல்முறையாக ஒரு கூலி. கூடவே குளிரும் வந்தது. டிசம்பரில் கன்சாஸ் சிட்டியிலும் டொரண்டோவிலும் ஆடினால் வேறென்ன வரும்? 2013 கன்சாஸ் சிட்டி இறுதி உறைநிலைக்குப் பல டிகிரி கீழே நடந்தது. அதுவும் பெனால்டிக்குப் போய், பத்தாவது சுற்று வரை இழுத்தது.

உள்ளூர் மைதானம் எப்போதும் உதவுவதில்லை. 2015இல் கொலம்பஸ் க்ரூ தன் ஊரில் இறுதியை ஆடியது. ஆட்டம் தொடங்கி 27வது விநாடி. கோல்கீப்பர் ஸ்டீவ் கிளார்க் தன்னிடம் வந்த பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நிதானமாக யோசித்தார். போர்ட்லாண்ட் டிம்பர்ஸின் டியாகோ வலேரி ஓடி வந்து காலை நீட்டினார். கிளார்க் உதைக்கப் போன பந்து வலேரி காலில் பட்டு வலைக்குள் போனது. இறுதிப் போட்டிகளின் வரலாற்றில் மிக வேகமான கோல் அதுதான். போர்ட்லாண்ட் 2-1 என்று வென்றது. பின்னாளில் அதே கிளார்க் அதே போர்ட்லாண்டின் கோல்கீப்பரானார்.

ஆனால் போர்ட்லாண்ட் அந்த இறுதிக்கு வந்ததே பெரிய கதை. அதே தொடரின் முதல் கட்டத்தில் கன்சாஸ் சிட்டியோடு 2-2, பெனால்டி. ஐந்து சுற்று போதாமல் பத்து சுற்றைத் தாண்டியது. ஒரு கட்டத்தில் கன்சாஸ் சிட்டியின் சாத் அப்துல் சலாம் அடித்தது உள்ளே போயிருந்தால் கதை முடிந்திருக்கும். பந்து ஒரு கம்பத்தில் பட்டது, கோல் கோட்டின் மேலேயே உருண்டு போய் மறு கம்பத்தில் பட்டது, வெளியே வந்தது. கடைசியில் கோல்கீப்பர்களே அடிக்க வேண்டிய நிலை. போர்ட்லாண்ட் கோல்கீப்பர் ஆடம் க்வாரசி தன் பெனால்டியைப் போட்டார். திரும்பி நின்று எதிரணி கோல்கீப்பரின் பெனால்டியைத் தடுத்தார். 7-6. அந்த இரண்டு கம்பங்களில் ஒன்று ஒரு விரல் தள்ளி இருந்திருந்தால் 2015இன் சாம்பியன் பெயர் வேறு.

அடுத்த ஆண்டு டொரண்டோவில் சியாட்டில் சவுண்டர்ஸ் 120 நிமிடமும் கோலை நோக்கி ஒரு ஷாட்கூட அடிக்காமல் கோப்பை வென்றது. கூடுதல் நேரத்தில் ஜோசி ஆல்டிடோர் தலையால் முட்டிய பந்தை, பின்னால் பாய்ந்தபடியே இடது கையால் தட்டிவிட்டார் ஸ்டெஃபான் ஃப்ரை. அதற்கு முன் டொரண்டோவே ஆடவைத்து, பிறகு விட்டுவிட்ட கோல்கீப்பர்.

2019இல் இரண்டு கட்ட ஆட்டங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எல்லாச் சுற்றுக்கும் ஒரே ஆட்டம் என்று வைத்தார்கள். ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. லீகில் மேலே இருந்தவருக்குச் சொந்த மைதானம். இந்தத் தொடர் தன் 30 வருஷத்தில் கண்ட மிகச் சரியான வடிவம் இதுதான் என்பது என் கட்சி. விதியை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடிந்த ஒரே காலம் அது. நான்கு ஆண்டுதான் தாங்கியது. அந்த நான்கு ஆண்டுக்குள் என்னென்னவோ நடந்தது.

2020இல் ஒர்லாண்டோ சிட்டியும் நியூயார்க் சிட்டியும் ஆடிய ஆட்டம் 1-1, பெனால்டி. ஒர்லாண்டோ கோல்கீப்பர் பெட்ரோ காயேசே ஒரு பெனால்டியைத் தடுத்தார். கோட்டை விட்டு முன்கூட்டியே நகர்ந்துவிட்டார் என்று வீடியோவில் தெரிய, இரண்டாவது மஞ்சள் அட்டை, அதாவது சிவப்பு. பெனால்டி ஷூட்அவுட் நடுவே கோல்கீப்பருக்கு சிவப்பு! மாற்று கோல்கீப்பர் கையுறை மாட்டிக்கொண்டு தயாரானார். விதிப்படி முடியாது என்றார்கள். அடிபட்டால் மாற்றலாம், வெளியேற்றப்பட்டால் முடியாது. களத்தில் இருப்பவர்களில் ஒருவர்தான் நிற்க வேண்டும். ரோட்ரிகோ ஷ்லெகல் என்ற டிஃபண்டர் கையுறையை வாங்கிக்கொண்டார். மறுபடி அடித்த பெனால்டியை அவரால் தடுக்க முடியவில்லை. வெற்றியைத் தர வேண்டிய ஒர்லாண்டோவின் நானியும் கோட்டைவிட்டார். பிறகு வந்த ஒரு நியூயார்க் பெனால்டிக்கு ஷ்லெகல் பாய்ந்தார், கை பட்டது, பந்து வெளியே. ஒர்லாண்டோ 6-5. அந்த அணிக்கு அதுதான் முதல் பிளேஆஃப் ஆட்டம்.

பிறகு 2022 நவம்பர் 5, இறுதிப் போட்டி. லாஸ் ஏஞ்சலீஸ் எஃப்.சி., ஃபிலடெல்ஃபியா யூனியன். 90 நிமிடத்தில் 2-2. கூடுதல் நேரத்தின் கடைசியில் எல்.ஏ. கோல்கீப்பர் மாக்சிம் க்ரெப்போ, தனியாக ஓடி வந்த எதிராளியை மறிக்கப் பாய்ந்து மோதினார். கால் முறிந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடத்தியவருக்கு சிவப்பு அட்டையும் காட்டினார்கள். கனடா அணியோடு கத்தார் உலகக் கோப்பைக்குப் போக வேண்டியவர், போகவில்லை. பத்துப் பேரான எல்.ஏ.வுக்கு எதிராக 124வது நிமிடத்தில் ஃபிலடெல்ஃபியா கோல், 3-2. முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். 128வது நிமிடத்தில், காயத்தால் சீசன் முழுக்க அவ்வளவாக ஆடாத கேரத் பேல், தன்னைவிட உயரமான டிஃபண்டருக்கு மேலே எழும்பித் தலையால் முட்டினார், 3-3. பெனால்டியில் க்ரெப்போவுக்குப் பதிலாக வந்த ஜான் மெக்கார்த்தி இரண்டைத் தடுத்தார். மெக்கார்த்தி பிறந்தது ஃபிலடெல்ஃபியாவில், முன்பு ஆடியதும் ஃபிலடெல்ஃபியா யூனியனுக்கே. அதே இரவு பேஸ்பால் இறுதித் தொடரிலும் ஃபிலடெல்ஃபியா தோற்றது. அந்த ஊர்க்காரர்களிடம் அந்தத் தேதியைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

இப்படி ஓர் இறுதிக்குப் பிறகு எதையும் தொடக்கூடாது. தொட்டார்கள். 2023இல் 18 அணிகள் உள்ளே. முதல் சுற்றுக்கு, 1996இன் மூன்று ஆட்டத் தொடரைத் தூசி தட்டி எடுத்து வந்தார்கள். கூடுதல் நேரம் கிடையாது, சமனானால் நேரே பெனால்டி, மூன்றில் இரண்டு வென்றால் போதும். முதல் ஆட்டத்தில் 5-0 வாங்கியவர், அடுத்த இரண்டிலும் பெனால்டியில் ஜெயித்து மேலே போகலாம். ஆப்பிள் நிறுவனத்தோடு புதிய ஒளிபரப்பு ஒப்பந்தம் தொடங்கியதும் அதே ஆண்டு. முதல் சுற்றுக்கு வரும் ஒவ்வோர் அணிக்கும் சொந்த ஊரில் குறைந்தது ஓர் ஆட்டம் உறுதி, டிக்கெட் விற்கலாம், திரையில் காட்ட ஆட்டங்கள் அதிகம். வியாபாரமாக சரி. தொடராக, முதல் சுற்று இழுவை.

இழுவையிலும் ஒரு நன்மை நடந்தது. 2024இல் லயனல் மெஸ்ஸியின் இன்டர் மயாமி லீக் சுற்றில் 74 புள்ளி எடுத்து நியூ இங்கிலாந்தின் சாதனையை உடைத்தது. எதிரே ஒன்பதாவது இடத்தில் தட்டுத்தடுமாறி உள்ளே வந்த அட்லாண்டா யுனைடெட். முதல் ஆட்டம் மயாமிக்கு, இரண்டாவது அட்லாண்டாவுக்கு, மூன்றாவதில் மெஸ்ஸி தலையால் ஒரு கோல் போட்டும் 3-2 என்று அட்லாண்டா. நாலு மாதம் முன்னால் போட்ட விளம்பரங்களெல்லாம் வீண். கோப்பையைக் கடைசியில் வென்ற கேலக்ஸி அணியில் ரிக்கி புய்க் அரையிறுதியில் முழங்கால் தசைநார் கிழிந்த பிறகும் ஆடி, வெற்றி கோலுக்குப் பந்து கொடுத்துவிட்டு, இறுதியில் ஆட முடியாமல் போனார்.

2025இல் மயாமி விடவில்லை. டிசம்பர் 6 அன்று ஃபோர்ட் லாடர்டேலில் வான்கூவர் வைட்கேப்ஸை 3-1 என்று வென்றது; இரண்டு கோல்களுக்குப் பந்து கொடுத்தவர் மெஸ்ஸி. மயாமி அணியின் பங்குதாரர் டேவிட் பெக்கம். 2007இல் கேலக்ஸிக்கு ஆட வந்தபோதே, பிறகு ஓர் அணியைக் குறைந்த விலைக்கு வாங்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர். 2009 இறுதியில் தோற்று, 2011இலும் 2012இலும் ஆட்டக்காரராக வென்று, 2025இல் முதலாளியாக வென்றார். பிளேஆஃபின் குலுக்கலில் எல்லோரும் அடிபட, கணக்குப் போட்டு ஆடியவர் அவர் ஒருவர்தான்.

2025 நவம்பரில் லீக் அடுத்த அறிவிப்பைச் செய்தது. ஐரோப்பாவோடு ஒத்துப்போக, சீசன் இனி கோடையில் தொடங்கி மறு ஆண்டு மே மாதம் முடியும். இடைவெளியை நிரப்ப 2027 பிப்ரவரி முதல் மே வரை ஒரு குட்டி சீசன், அதற்கும் தனி பிளேஆஃப். பிறகு 2027 ஜூலையில் முதல் முழு சீசன் தொடங்கி 2028 மே இறுதியில் கோப்பை. மே மாதத்தில் லாஸ் ஏஞ்சலீஸும் டொரண்டோவும் ஆட ஏற்ற ஊர்கள்தான். ஆனால் அமெரிக்காவில் கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி இரண்டின் பிளேஆஃபும் மே மாதத்தில்தான் நடக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

டிசம்பர் குளிரில் நடக்கும் கடைசி இறுதிப் போட்டி 2026இல். பார்க்க நினைப்பவர்கள் முதல் சுற்றைத் தாராளமாக விட்டுவிடலாம். ஒரே ஆட்ட நாக் அவுட் தொடங்கும் சுற்றிலிருந்து பாருங்கள். கிழக்குக் கரையில் இரவு 8 மணி ஆட்டம் என்றால் அந்தப் பருவத்தில் நமக்கு மறுநாள் காலை ஆறரை.